நிகழ்நேரக் கூட்டுத் தொகுத்தல்

நிகழ்நேரக் கூட்டுத் தொகுத்தல் என்பது வெவ்வேறு கணினிகளில் இருக்கும் இருவர் அல்லது பலர், ஒரே உரை ஆவணத்தை ஒரே நேரத்தில் திறந்து எழுதவும் திருத்தவும் வழிசெய்யும் கணினி நுட்பம் ஆகும். ஒருவர் தட்டச்சு செய்யும் எழுத்து, மிகச் சிறு இடைவெளியில் மற்றவர்களின் திரையிலும் தோன்றும். இவ்வசதியைத் தரும் மென்பொருள் கூட்டு உரைத்தொகுப்பி எனப்படும். ஈதர்பேட், கூகுள் டாக்ஸ், தமிழ்நாட்டில் தலைமையகம் கொண்ட சோகோ நிறுவனத்தின் சோகோ ரைட்டர் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

பிணையத்தில் தகவல் சென்றுசேரச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தத்தம் படியை மாற்றிக்கொண்டே இருப்பர். எவரையும் காத்திருக்க வைக்காமல், எவருடைய எழுத்தையும் இழக்காமல், எல்லாப் படிகளையும் இறுதியில் ஒன்றாக்குவதே இந்நுட்பத்தின் மையச் சிக்கல் ஆகும். இதற்குச் செயல் உருமாற்றம், முரண்படாத் தரவமைப்பு என்னும் இரு வகைத் தீர்வுகள் உள்ளன. தமிழ் போன்ற மொழிகளில், ஓர் எழுத்து பல குறியீடுகளால் ஆவதால், கூடுதலான சில சிக்கல்களும் எழுகின்றன.

## பின்னணி

ஒரே கோப்பைப் பலர் திருத்த வேண்டிய தேவை கணினிக்குப் புதியதன்று. தொடக்கத்தில் இதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன.

* கைமாற்றுதல்: ஒருவர் எழுதி முடித்தபின் கோப்பை மின்னஞ்சலிலோ வட்டிலோ அடுத்தவருக்கு அனுப்புதல். எந்தப் படி இறுதியானது என்ற குழப்பம் இதில் எளிதில் ஏற்படும்.
* பூட்டுதல்: ஒருவர் கோப்பைத் திறந்திருக்கும்போது மற்றவரைத் தடுத்தல் அல்லது எச்சரித்தல். ஏற்கெனவே திறந்துள்ள கோப்பை இன்னொருவர் திறக்க முயன்றால், விம் உரைத்தொகுப்பி எச்சரிக்கை செய்தி காட்டும்.
* பின்னர் ஒன்றிணைத்தல்: ஒவ்வொருவரும் தனிப்படியில் எழுதிச் சேமிக்கும்போது மாற்றங்களை ஒப்பிட்டு இணைத்தல். நிரலாளர் பயன்படுத்தும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருட்களும், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் இவ்வழியில் செயற்படுகின்றன. இருவர் ஒரே வரியை மாற்றினால் தொகுத்தல் முரண்பாடு ஏற்படும். இரண்டாவதாகச் சேமிப்பவர் அதைக் கையால் தீர்க்க வேண்டும்.

நிகழ்நேரக் கூட்டுத் தொகுத்தலில் பூட்டும் இல்லை, சேமிக்கும் கட்டத்தில் எழும் முரண்பாட்டு அறிவிப்பும் இல்லை. மாற்றங்கள் எழுத்து எழுத்தாகப் பரிமாறப்படுவதால் முரண்பாடுகளும் எழுத்து அளவிலேயே, கணினியால் தீர்க்கப்படுகின்றன.

## வரலாறு

### தொடக்கம்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிசுகோவில் டக்ளசு எங்கெல்பர்ட் நிகழ்த்திய செயல்விளக்கம் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. மேடையில் இருந்த அவரும், மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்த அவருடைய உடன்பணியாளரும் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டு பணியாற்றிக் காட்டினர். கணினிச் சுட்டி பொதுமக்களுக்கு முதன்முறையாகக் காட்டப்பட்டதும் இந்நிகழ்வில்தான்.

1989இல் கிளாரன்சு எல்லிசு, சைமன் கிப்சு ஆகியோர் குரோவ் என்னும் பலர் பயன்படுத்தும் தொகுப்பியை விவரித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். செயல் உருமாற்றம் என்னும் கருத்து இதில்தான் முதலில் முன்வைக்கப்பட்டது. சில சூழல்களில் இம்முறை வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விளைவைத் தருவதை 1990களின் நடுப்பகுதியில் பிற ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1995இல் செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தினர் வெளியிட்ட ஜூபிட்டர் முறை, எல்லா மாற்றங்களும் ஒரு நடுவண் வழங்கி வழியாகவே செல்லும்படி அமைத்துச் சிக்கலை எளிமையாக்கியது. பின்னாளைய இணையத் தொகுப்பிகள் பலவற்றிற்கும் இதுவே அடிப்படை.

### உரைத்தொகுப்பிகளில்

2003இல் செருமனியின் மியூனிக் நகர மாணவர்கள் மாக் கணினிகளுக்காக ஐதரா என்னும் தொகுப்பியை வெளியிட்டனர். இது பின்னர் சப்எத்தாஎடிட் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2018இல் இதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. லினக்சு, விண்டோசு இயங்குதளங்களில் இயங்கும் கட்டற்ற மென்பொருளான கோபி 2005இல் வெளியானது.

2017இல் ஆட்டம் தொகுப்பிக்கு டெலிடைப் என்னும் நீட்சியும், விசுவல் ஸ்டூடியோ கோட் தொகுப்பிக்கு லைவ் சேர் என்னும் நீட்சியும் அறிவிக்கப்பட்டன. ஆட்டம் 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. அதை உருவாக்கியோரில் சிலர் எழுதிய செட் என்னும் தொகுப்பி, கூட்டுத் தொகுத்தலைத் தொடக்கத்திலிருந்தே உள்ளமைந்த வசதியாகக் கொண்டது; அதன் மூலநிரல் 2024 சனவரியில் வெளியிடப்பட்டது.

### இணைய உலாவியில்

2005ஆம் ஆண்டு இணையச் சொற்செயலிகளின் தொடக்க ஆண்டு எனலாம். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ரைட்லி வெளியானது. 2006இல் அதைக் கூகுள் வாங்கியது. அதே 2005இல், சிறீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996இல் நிறுவிய அட்வென்ட்நெட் நிறுவனம் சோகோ ரைட்டரை வெளியிட்டது. அந்நிறுவனம் 2009இல் சோகோ எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. உலகின் முதல் இணையச் சொற்செயலிகளுள் ஒன்றின் பின்னால் தமிழ்நாட்டை மையமாகக் கொண்ட நிறுவனம் இருந்தது குறிப்பிடத்தக்கது.

2008 நவம்பரில் வெளியான ஈதர்பேட், ஒவ்வொரு பயனரின் எழுத்தையும் தனி நிறத்தில் காட்டியது. ஆவணம் உருவான விதத்தைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் வசதியையும் தந்தது. 2009 டிசம்பரில் கூகுள் இதை வாங்கிய பின்னர் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. 2011இல் எழுதப்பட்ட இலகு வடிவத்தை எவரும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். விக்கிமீடியா நிறுவனமும் கூட்டக் குறிப்புகள் போன்றவற்றுக்காக ஈதர்பேட் வழங்கி ஒன்றை நடத்துகின்றது. 2009இல் அறிவிக்கப்பட்ட கூகுள் வேவ் பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியபோதும் 2010இலேயே அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. ஆயினும், அதே 2010இல் கூகுள் டாக்ஸ் எழுத்து எழுத்தாகப் புதுப்பிக்கும் புதிய தொகுப்பிக்கு மாறியது.

## செயற்படும் முறை

### காலத்தாழ்வு

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வழங்கிக்கு ஒரு செய்தி சென்று திரும்ப, வேறு தாமதம் எதுவும் இல்லாவிடினும், நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். நடைமுறையில் இது இன்னும் கூடும். நாமக்கல்லில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் எழுதும்போது அவர்களுக்கிடையே உள்ள தொலைவு குறைவாயினும், செய்தி தொலைவான வழங்கி வழியாகச் செல்ல நேர்ந்தால் இதே தாமதம் ஏற்படும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் வழங்கியின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால் தட்டச்சு தடைப்படும். எனவே, பயனர் எழுதியது அவருடைய திரையில் உடனே காட்டப்பட்டு, பின்னரே மற்றவர்களுக்கு அனுப்பப்படுகின்றது. இதனால் படிகள் சிறிது நேரம் வேறுபட்டிருப்பது தவிர்க்க இயலாதது.

### செயல் உருமாற்றம்

இம்முறையில் மாற்றங்கள், "இத்தனையாம் இடத்தில் இதைச் சேர்", "இத்தனையாம் இடத்தில் இருப்பதை நீக்கு" என்னும் செயல்களாக அனுப்பப்படுகின்றன. பிறருடைய செயல்களால் இடங்கள் நகர்ந்திருந்தால், வந்த செயலின் இட எண் அதற்கேற்ப மாற்றப்படும்.

எடுத்துக்காட்டாக, ஆவணத்தில் "நாமக்கல்" என்னும் சொல் மட்டும் உள்ளது எனக் கொள்வோம். ஒருங்குறியில் இது ந, ா, ம, க, ், க, ல, ் என 8 குறியீடுகளால் ஆனது.

1. நாமக்கல் பயனர் சொல்லின் இறுதியில், அதாவது 8 குறியீடுகளுக்குப் பின், ஓர் இடைவெளியும் "மாவட்டம்" என்ற சொல்லும் சேர்க்கின்றார்.
2. அதே கணத்தில் சேலம் பயனர் தொடக்கத்தில் "இன்றைய" என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் சேர்க்கின்றார். இவை 7 குறியீடுகள்.

நாமக்கல் பயனரின் செயல் சேலம் கணினியில் மாற்றமின்றி நிறைவேற்றப்பட்டால், அங்கே முதல் 8 குறியீடுகள் "இன்றைய", இடைவெளி, "ந" ஆகியவையே. எனவே "இன்றைய ந மாவட்டம்ாமக்கல்" எனச் சொல் உடைந்துவிடும். செயல் உருமாற்றத்தில், முன்பக்கம் 7 குறியீடுகள் சேர்ந்தது கணக்கிடப்பட்டு இட எண் 8 என்பது 15 ஆக மாற்றப்படும். இரு கணினிகளிலும் "இன்றைய நாமக்கல் மாவட்டம்" என்ற ஒரே விளைவு கிடைக்கும்.

ஒவ்வொரு இணைச் செயலுக்கும் இவ்வாறு விதி வகுக்க வேண்டும். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் செயல்கள் வெவ்வேறு வரிசையில் வந்துசேரும்போதும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். இதை உறுதிசெய்வது கடினம் என்பதால்தான் பெரும்பாலான நடைமுறைத் தொகுப்பிகள் வரிசையைத் தீர்மானிக்க நடுவண் வழங்கியைப் பயன்படுத்துகின்றன.

### முரண்படாத் தரவமைப்பு

2006இல் வெளியான ஊட் என்னும் முறையும் அதன்பின் வந்த ஆய்வுகளும் வேறு வழியைக் காட்டின. 2011இல் மார்க் சப்பீரோ முதலியோர் இவ்வகைத் தரவமைப்புகளுக்குப் பொதுவான வரையறை தந்தனர்.

இம்முறையில் இட எண் பயன்படுத்தப்படுவதில்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும், அதை எழுதிய கணினியின் அடையாளமும் ஒரு வரிசை எண்ணும் கொண்ட நிலையான பெயர் தரப்படுகின்றது. "8ஆம் இடத்தில் சேர்" என்பதற்குப் பதிலாக "நாமக்கல் கணினியின் 8ஆம் குறியீட்டுக்கு அடுத்துச் சேர்" எனச் செய்தி செல்லும். முன்பக்கத்தில் எத்தனை எழுத்துகள் சேர்ந்தாலும் இப்பெயர் மாறாது. இருவர் ஒரே இடத்தில் சேர்த்தால், கணினி அடையாளங்களின் வரிசையைக் கொண்டு எது முன், எது பின் என முடிவுசெய்யப்படும்.

நடுவண் வழங்கி கட்டாயமில்லை என்பதும், பிணைய இணைப்பு இல்லாதபோது எழுதிப் பின்னர் இணைக்கலாம் என்பதும் இதன் சிறப்புகள். குறைபாடுகளும் உள்ளன. நீக்கப்பட்ட குறியீட்டை முற்றாக அழிக்காமல் "நீக்கப்பட்டது" என்ற குறியுடன் வைத்திருக்கும் முறைகளில் ஆவணத்தின் நினைவகத் தேவை கூடும். மேலும், இருவர் ஒரே இடத்தில் ஆளுக்கொரு சொல்லைச் சேர்க்கும்போது, சில முறைகளில் இரு சொற்களின் எழுத்துகளும் கலந்துவிடக்கூடும் என்பது 2019இல் எடுத்துக்காட்டப்பட்டது. இவ்வகையில் ஒய்சேயெசு, ஆட்டோமெர்ச் ஆகிய திறந்தமூல நிரலகங்கள் பரவலாக அறியப்பட்டவை.

## தமிழ் உரையில் எழும் சிக்கல்கள்

மேற்கண்ட இரு முறைகளும் குறியீடுகளை எண்ணுகின்றன அல்லது பெயரிடுகின்றன. ஆனால் தமிழ் எழுதுவோர் எழுத்துகளையே எண்ணுவர். "நாமக்கல்" என்பது நா, ம, க், க, ல் என 5 எழுத்துகள், 8 ஒருங்குறிக் குறியீடுகள், யூ.டி.எஃப்-8 குறிமுறையில் 24 எண்ணெண்கள். "ம" என்னும் எழுத்துக்கு அடுத்த இடம் என்பது எழுத்துக் கணக்கில் 2, குறியீட்டுக் கணக்கில் 3, எண்ணெண் கணக்கில் 9. இணையும் எல்லா மென்பொருட்களும் ஒரே கணக்கைப் பின்பற்றாவிடில் உரை சிதையும்.

### இரு வகைக் குறியீடு

"கொ" என்னும் எழுத்தைக் க, ொ என இரு குறியீடுகளாகவும், க, ெ, ா என மூன்று குறியீடுகளாகவும் எழுத ஒருங்குறி இடமளிக்கின்றது. நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையின் பெயர் முதல் முறையில் 9 குறியீடுகள், இரண்டாம் முறையில் 10 குறியீடுகள். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரு கணினி தன் படியை மட்டும் ஒரு வகைக்கு மாற்றிக்கொண்டால், அதன்பின் வரும் எல்லா இட எண்களும் ஒன்று பிசகும். எனவே இத்தகைய சீராக்கத்தையும் ஒரு தொகுத்தல் செயலாகவே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறிகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. உலாவிகளின் சாவாநிரல் பயன்படுத்தும் யூ.டி.எஃப்-16 குறிமுறையில் வழக்கமான தமிழ் எழுத்துக் குறியீடுகள் ஓர் அலகாக எண்ணப்பட, இப்பின்னக் குறிகள் இரண்டு அலகுகளாக எண்ணப்படும்.

### உடையும் எழுத்துகள்

ஆவணத்தில் "நமக்கல்" எனப் பிழையாக இருப்பதை இருவர் ஒரே நேரத்தில் கண்டு, இருவரும் துணைக்காலைச் சேர்த்தால் "நாாமக்கல்" என இரு துணைக்கால்கள் வந்துவிடும். இரண்டாவது துணைக்கால் புள்ளி வட்டத்துடன் தனித்துத் தோன்றும். ஒருவர் "க" என்பதைக் "கா" ஆக்கும்போது மற்றவர் அந்தக் "க"வை நீக்கினால், மெய்யின்றித் துணைக்கால் மட்டும் எஞ்சும். இரண்டு நிகழ்விலும் கணினியின் கணக்கில் பிழையேதும் இல்லை. படிகள் ஒன்றாகவே உள்ளன. ஆனால் கிடைத்தது தமிழ் எழுத்தன்று. குறியீட்டுக்குப் பதிலாக முழு எழுத்தையே அலகாகக் கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

### தட்டச்சு முறையின் தாக்கம்

ஒலியியல் முறையில் ஆங்கில விசைகளைக் கொண்டு தட்டச்சு செய்யும்போது, மெய்யெழுத்து முதலில் புள்ளியுடன் தோன்றி, உயிர் சேர்ந்ததும் புள்ளி நீங்கும். இம்முறையில் "நாமக்கல்" என எழுத 11 குறியீடுகள் சேர்க்கப்பட்டு 3 புள்ளிகள் நீக்கப்படுகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் உயிர்மெய்க்குப் புள்ளியிட்டு நீக்க வேண்டியதில்லை. ககர விசையை இருமுறை அழுத்தினால் இடையில் புள்ளி தானாக அமையும். எனவே அதே சொல்லை 7 விசையழுத்தங்களில், நீக்கம் எதுவுமின்றி எழுதலாம்.

தனியே எழுதும்போது இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. கூட்டுத் தொகுத்தலில், ஒவ்வொரு இடைநிலையும் உடனுக்குடன் அனுப்பப்பட்டால், மற்றவர் திரையில் புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். பின்னழிவு விசையை அனுப்பிப் புள்ளியை நீக்கும் தட்டச்சு மென்பொருட்களில், இடையில் பிறர் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்தால் அவ்வெழுத்தே அழிய நேரிடலாம். இதனால் ஓர் எழுத்து முழுமையடையும் வரை அனுப்பாமல் வைத்திருப்பது சிறந்த நடைமுறை ஆகும்.

## ஒருமிப்பும் உடன்பாடும்

எல்லாப் படிகளும் இறுதியில் ஒன்றாதல் ஒருமிப்பு எனப்படும். எழுதியவரின் நோக்கம் காக்கப்படுதல் இதனின்று வேறானது. 1998இல் செங்செங் சன் முதலியோர் இவ்விரண்டையும் காரண வரிசை காத்தலையும் தனித்தனித் தேவைகளாக வரையறுத்தனர்.

இவ்வேறுபாட்டைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். "நாமக்கல் மாவட்டம் 1998இல் உருவானது" என ஓர் ஆவணத்தில் பிழையாக உள்ளது. சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் பிரிக்கப்பட்டது 1996 சூலை 25 அன்று என்பதால், ஒரு பயனர் "8" என்பதை நீக்கி "6" இடுகின்றார். அம்மாவட்டம் தனித்து இயங்கத் தொடங்கியது 1997 சனவரி 1 முதல் என்பதால், மற்றவர் அதே கணத்தில் "8" என்பதை நீக்கி "7" இடுகின்றார். "8" ஒருமுறை நீங்கும். இரண்டு புதிய இலக்கங்களும் நிற்கும். எல்லாத் திரைகளிலும் "19967" அல்லது "19976" என்ற ஒரே எண் தோன்றும்.

இங்கு ஒருமிப்பு நிறைவேறியது. ஒருவர் எழுத்தும் இழக்கப்படவில்லை. ஆனால் விளைவு பொருளற்றது. இரண்டில் ஒன்றைக் கணினி தானே தேர்ந்தெடுத்திருந்தால் எண் ஒழுங்காகத் தெரியும். ஆனால் ஒருவர் அறிந்த உண்மை எவரும் அறியாமல் மறைந்திருக்கும். சரியான தீர்வு, இரு நாட்களையும் அவற்றின் காரணத்தோடு குறிப்பிடும் ஒரு புதிய வாக்கியம். அதை எழுத இருவரும் கலந்துபேச வேண்டும். பார்வைக்கு உடனே தெரியும் "19967" போன்ற பிழை அவ்வகையில் ஓர் எச்சரிக்கையாகவும் பயன்படுகின்றது.

## துணை வசதிகள்

* சுட்டுக்குறி காட்டுதல்: ஒவ்வொருவரும் எவ்விடத்தில் எழுதுகின்றனர் என்பது நிறத்தாலும் பெயராலும் காட்டப்படும். ஒருவர் திருத்தும் சொல்லை மற்றவர் தொடாமல் விலகுவதால் பெரும்பாலான மோதல்கள் நிகழாமலே தவிர்க்கப்படுகின்றன.
* உரையாடல்: ஆவணத்தின் அருகிலேயே கலந்துபேசுவதற்கான பெட்டி அல்லது ஓரக்குறிப்பு.
* செயல்நீக்கம்: இறுதியாக நிகழ்ந்த மாற்றத்தை நீக்கினால் பிறர் எழுதியது அழியக்கூடும். ஆகவே, ஒருவர் தாம் செய்த மாற்றத்தை மட்டும் திரும்பப் பெறும் முறையே பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றது.
* வரலாறு: யார், எப்போது, எதை எழுதினார் என்ற பதிவு. கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ அழிக்கப்பட்ட பகுதியை மீட்க இது இன்றியமையாதது.

## பயன்பாடுகளும் வரம்புகளும்

கூட்டக் குறிப்பு எழுதுதல், மாணவர் குழுக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, இருவர் சேர்ந்து நிரல் எழுதுதல், ஆசிரியர் மாணவரின் நிரலை அவர் எழுதும்போதே திருத்துதல் ஆகியவற்றில் இந்நுட்பம் பயன்படுகின்றது. நிரல் எழுதும்போது ஒருவர் பாதியில் நிறுத்திய வரியால் மற்றவரின் சோதனை ஓட்டம் தோல்வியுறலாம் என்பதால், பெரிய நிரல்திட்டங்களில் இது பதிப்புக் கட்டுப்பாட்டுக்குத் துணையாகவே அமைகின்றது.

ஆவணம் பிறருடைய வழங்கியில் இருக்கும்போது, அச்சேவை நிறுத்தப்பட்டால் ஆவணமும் இழக்கப்படலாம். கூகுள் வேவ் 2012இல் முற்றாக மூடப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டு. சொந்த வழங்கியில் நிறுவத்தக்க கட்டற்ற மென்பொருட்களும், ஆவணத்தைப் பயனரின் கணினியிலேயே வைத்திருந்து பிறருடன் ஒத்திசைக்கும் முறைகளும் இவ்விடரைக் குறைக்கின்றன.

## இவற்றையும் பார்க்க

* உரைத்தொகுப்பி
* ஒருங்குறி
* தமிழ்99
* கட்டற்ற மென்பொருள்
* பதிப்புக் கட்டுப்பாடு
* நாமக்கல் மாவட்டம்